பெரட்டுல பேர் கூப்பிட்டா ஆள் வரணும்

ஒன்றரை நிமிஷம் எவ்வளவு நீளம்னு தெரியணும்னா, ஒரு பழைய லினக்ஸ் லேப்டாப்பை ஆன் பண்ணிட்டு அது முன்னாடி உட்காரணும்.

கறுப்புத் திரை. இடது ஓரத்துல ஒரு சதுர அடைப்புக்குறி. அதுக்குள்ள சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் நடந்துக்கிட்டே இருக்கு. பக்கத்துல ஒரு வரி, ‘ஏ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்’னு ஆரம்பிச்சு, வாயில நுழையாத எண்ணும் எழுத்துமா நீண்டு போகுது. வரியோட கடைசியில ரெண்டு நேரம். முதல் நேரம் ஒவ்வொரு வினாடியா ஏறுது. ரெண்டாவது அசையவே அசையாது. 1 நிமிஷம் 30 வினாடி.

சுங்கை சிப்புட்ல ஒரு தாமான் வீடு. காலை ஆறரை மணி. அந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் அவர் ‘கிராணி ஐயா’. பதினெட்டு வயசுல தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதற சின்னக் கிராணியா சேர்ந்தவர். பால் மரம் போய் செம்பனை வந்துச்சு. லயத்து வீடுகளை இடிச்சாங்க. ஜனங்க ஆளுக்கொரு தாமானா பிரிஞ்சு போனாங்க. ஆபீசே இல்லை இப்போ. கிராணிங்கற பேரு மட்டும் அவரோடவே வந்துடுச்சு.

வேலையும் கூடவே வந்துடுச்சுன்னு சொல்லணும். பிறப்புப் பத்திரம் இல்லாதவங்க, அடையாளக் கார்டுல பேரு தப்பா இருக்கறவங்க, சேமநிதிக் கணக்கு விவரம் புரியாதவங்க, எல்லாரும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவாங்க. அவர் மலாய்ல கடிதம் அடிச்சுக் கொடுப்பாரு. கோவில் கமிட்டி கணக்கும் அவர்கிட்டதான். இது எல்லாமே அந்த லேப்டாப்புலதான் இருக்கு.

இன்னும் ஒண்ணும் இருக்கு. தோட்டத்து ஆபீசை மூடினப்போ எரிக்கறதுக்குப் போட்டிருந்த செக்ரோல்ங்கற ஆள் பட்டியல் புத்தகங்கள்ல கைக்கு எட்டினதை எடுத்து வந்து, பக்கம் பக்கமா படம் எடுத்து வெச்சிருக்காரு. அதோட அவங்க அப்பாவோட பங்குப் புத்தகம். துண்டாடல் காலத்துல தோட்டங்களைத் துண்டு துண்டா வித்தப்போ, 1960-ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரே, அதுல பால் வெட்டுற ஜனங்க மாசம் பத்து வெள்ளியா கட்டிச் சேர்ந்த புத்தகம். சம்பந்தன் இந்த சுங்கை சிப்புட் மண்ணுல பிறந்தவரு. இந்த ஊர்ல அந்தப் புத்தகத்துக்குத் தனி மரியாதை உண்டு. காகிதம் கரையான் அரிச்சுப் போச்சு. படம்தான் மிச்சம்.

அந்த லேப்டாப் ஆன் ஆகி மேசைப்படம் வர நாலு நிமிஷம் ஆகும்னா, அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

லேப்டாப் வந்த கதை நம்ம நாட்டுல பல வீட்டுக் கதைதான். 2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துச்சு. பள்ளிக்கூடம் மூடினாங்க. பாடம் எல்லாம் வீட்டுலேர்ந்துன்னு ஆச்சு. பேத்திக்காக அவசரமா வாங்கின செகண்ட் ஹேண்ட் மிஷின், 2012 மாடல். நாலு ஜிபி மெமரி, 500 ஜிபி சுழலுற ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் மூச்சு வாங்கிச்சு. பேத்தியோட கூட்டாளி ஒருத்தர் டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாரு. நல்லாவே ஓடிச்சு. அந்தப் பொண்ணு இப்போ ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக்ல படிக்குது. அதுக்கு வேற லேப்டாப் கிடைச்சதும், இது தாத்தாவுக்கு வந்துடுச்சு.

போன வருஷத்துலேர்ந்து மெதுவா, இன்னும் மெதுவா ஆச்சு. ஈப்போவுல ஒரு கடையில காட்டினாரு. கடைக்காரர் ஆன் பண்ணி அரை நிமிஷம் பார்த்தாரு. “ஐயா, இது ரொம்பப் பழசு. வேற வாங்கிடுங்க.” அவ்வளவுதான். கிராணி ஐயாவுக்குக் கோவம் வந்துடுச்சு. மிஷின் பழசுங்கறதுல அவருக்குச் சண்டை இல்லை. திரையில அத்தனை வரி ஓடுது, ஒரு வரியைக்கூட படிக்காம தீர்ப்பு சொன்னதுதான் பொறுக்கலை. நாற்பது வருஷம் ஒவ்வொரு வரியா கணக்கு எழுதின மனுஷன் அவரு.

பேத்தி வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடிச்சு வந்துச்சு.

“தாத்தா, இது உள்ள என்ன நடக்குது தெரியுமா? உங்க பெரட்டு மாதிரிதான்.”

பெரட்டு தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. விடியறதுக்கு முன்னாடி, இருட்டுல, விளக்கு வெளிச்சத்துல தோட்டத்து ஆளுங்க எல்லாரும் ஒரு இடத்துல வந்து நிப்பாங்க. கிராணி செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவாரு. ஆள் குரல் கொடுக்கணும். பிறகுதான் யாருக்கு எந்த நிரைன்னு பிரிச்சு விடுவாங்க. விடியக்காலைக் குளிர்லதான் மரத்துல பால் நல்லா ஓடும், வெயில் ஏறினா ஓட்டம் குறைஞ்சிடும். அதனால பெரட்டுல வீணாகற ஒவ்வொரு நிமிஷமும் வாளியில குறையும்.

லினக்ஸ் மிஷின் எழுந்திருக்கறதும் அப்படித்தான். முதல்ல பயாஸ் எழுந்து, குரூப்னு ஒரு சின்ன நிரலை எழுப்பும். குரூப் கர்னலைக் கொண்டு வந்து விடும். கர்னல் கூடவே ஒரு சின்ன மூட்டை வரும், அதுக்கு இனிட்ராம்எஃப்எஸ்னு பேரு. டிஸ்க்கைத் திறக்கறதுக்கு வேண்டிய சாமான் எல்லாம் அந்த மூட்டையிலதான். கடைசியா சிஸ்டம்டி வரும். அதுதான் கிராணி. கையில பட்டியல் வெச்சுக்கிட்டு, டிஸ்க் வந்தாச்சா, ஸ்வாப் வந்தாச்சா, நெட்வொர்க் வந்தாச்சான்னு கூப்பிடும். வந்தவங்களுக்குப் பச்சையில ஓகே போடும்.

முந்தியெல்லாம் லினக்ஸ்ல பெரும்பாலும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் கூப்பிடுவாங்க. 2010-ல லென்னார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியை வெளியிட்டாங்க. முடிஞ்ச வரைக்கும் எல்லாரையும் ஒரே நேரத்துல எழுப்பு, யாருக்கு யார் வேணுமோ அவங்க மட்டும் காத்திருக்கட்டும்ங்கறது அதோட யோசனை. 2015-ல டெபியன் 8-ம் உபுண்டு 15.04-ம் அதுக்கு மாறினதுக்குப் பிறகு, வீட்டு லினக்ஸ்ல பெரும்பாலும் இந்தக் கிராணிதான்.

பட்டியல்ல பேர் இருக்கு, ஆள் வரலைன்னா? சிஸ்டம்டி உடனே விட்டுடாது. வழக்கமா 90 வினாடி காத்திருக்கும். அதுதான் அந்த ஒன்றரை நிமிஷம்.

கிராணி ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தாரு. “அப்போ இது சோம்பேறித்தனம் இல்லை. யாரோ வராத ஆளைக் கூப்பிட்டுக்கிட்டு நிக்குது.”

அந்த ஒரு வாக்கியத்துல பாதி வேலை முடிஞ்சிடுச்சு. மெதுவா எழுந்திருக்கற மிஷினைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க மூணுல ஒண்ணு செய்வாங்க. எல்லாத்தையும் அழிச்சுத் திரும்பப் போடுவாங்க. இல்லைன்னா எங்கேயோ பார்த்த பத்து கட்டளையை வரிசையா அடிப்பாங்க. இல்லைன்னா தூக்கிப் போட்டுடுவாங்க. மூணுமே படிக்காம செய்யற வேலை. மிஷின் யாருக்காகக் காத்திருக்குன்னு அதுவே திரையில எழுதிக் காட்டுது.

பலவீனமான மிஷின் மெதுவாத்தான் எழுந்திருக்கும்ங்கறதும் சரியில்லை. 2008-ல அமெரிக்காவுல நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டுல, இன்டெல்ல வேலை பார்த்த ஆர்யன் வான் டி வென்னும் ஆக் காக்கும் ஒரு சின்ன ஏசுஸ் ஈபிசியை ஐந்து வினாடியில எழுப்பிக் காட்டினாங்க. கையடக்கமான, விலை குறைஞ்ச, சக்தி கம்மியான மிஷின் அது. அவங்க செஞ்சது வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரி. கர்னலுக்கு ஒரு வினாடி, ஆரம்ப வேலைகளுக்கு ஒரு வினாடி, திரைக்கு ஒரு வினாடி, மேசைப்படத்துக்கு ரெண்டு வினாடின்னு முதல்லயே பிரிச்சாங்க. எது அதுக்கு மேல கேட்குதோ, அதைப் பிடிச்சு ஏன்னு விசாரிச்சாங்க.

கிராணி ஐயாவும் ஒரு நீட்டுப் புத்தகம் எடுத்தாரு. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டாரு. தேதி, என்ன மாத்தினோம், கர்னல் நேரம், மிச்ச நேரம். நாலு கட்டம். ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான்னு சொல்லிட்டாரு. எந்தப் புத்தகத்துலயும் படிச்சு வந்த ஒழுங்கு இல்லை அது. சம்பளக் கணக்குல பத்து காசு இடிச்சா ராத்திரி முழுக்கத் தேடின பழக்கம்.

டெர்மினலைத் திறந்து ‘சிஸ்டம்டி-அனலைஸ்’னு அடிச்சாங்க. கர்னல் 40 வினாடி, யூசர்ஸ்பேஸ், அதாவது மிச்சம், 3 நிமிஷம் 1 வினாடி. முதல் வரி எழுதியாச்சு.

அடுத்து ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’. யார் எவ்வளவு நேரம் எடுத்தாங்கன்னு பெரிய பட்டியல் வரும். பார்க்கறதுக்குக் குற்றவாளிப் பட்டியல் மாதிரி இருக்கும். இங்கதான் நிறையப் பேர் தடுக்கி விழறாங்க, கிராணி ஐயாவும் விழுந்தாரு. ரொம்ப நேரம் எடுத்த ஒரு சேவை எல்லாரையும் காக்க வெச்சதுன்னு அர்த்தம் இல்லை. அது ஒரு ஓரமா தன் வேலையைச் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கலாம். பேத்தி தூங்கப் போன பிறகு அவர் பட்டியலோட மேல இருந்த ‘நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்’ங்கற பேரைப் பார்த்தாரு. அதை நிறுத்தலாம்னு நினைச்சு, வால் இல்லாத ‘நெட்வொர்க்மேனேஜர்’ங்கறதை நிறுத்திட்டாரு. காலையில வைஃபையே இல்லை.

“தாத்தா, ரெண்டும் ஒரே பேரு மாதிரி தெரியும், ஆனா வேற வேற ஆளு.”

“செக்ரோல்ல ரெண்டு முனியாண்டி இருந்தா அப்பன் பேரையும் சேர்த்துப் படிப்போம்மா. நான் இங்க அதை மறந்துட்டேன்.”

திரும்ப எனேபிள் பண்ணினதும் வைஃபை வந்துடுச்சு. அந்த வெயிட்-ஆன்லைன் சேவையும் லாகின் திரையைப் பிடிச்சு வைக்கலைன்னு பிறகு தெரிஞ்சுது. அதைக் காட்டினது ‘சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்’. யாருக்காக யார் காத்திருந்தாங்கன்னு அது சங்கிலியாக் காட்டும். பிளேமை மட்டும் பார்த்து எதையும் நிறுத்தாதீங்க. சங்கிலியையும் பாருங்க.

அடுத்து, திரையில ஓடற வரிகளைப் படிக்கணும். டெபியன் வழக்கமா வாயை மூடிக்கிட்டுத்தான் எழுந்திருக்கும், தாமதம் ஆனாதான் பேச ஆரம்பிக்கும். முழுசாப் பேச வைக்க ஒரு வழி இருக்கு. குரூப் மெனுவுல இ எழுத்தைத் தட்டி, லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரியில ‘கொயட்’ங்கற சொல்லை எடுத்துட்டு எஃப்10 தட்டுங்க. அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், அடுத்த தடவை பழையபடி ஆயிடும். பயமே வேண்டாம். வரிகள் வேகமா ஓடும். பேத்தி கைப்பேசியில வீடியோ எடுத்துச்சு. பிறகு ரெண்டு பேரும் நிறுத்தி நிறுத்திப் படிச்சாங்க.

முதல்ல வந்தது ‘ஏசிபிஐ பயாஸ் எரர்’னு ஏழெட்டு வரி. பார்த்தா நெஞ்சு பதறும். மின்சாரம், பேட்டரி, மூடி திறக்கறது பத்தின விவர அட்டவணை ஒண்ணை மிஷின் செஞ்சவங்க பயாஸ்ல எழுதி வெச்சிருப்பாங்க. அதுல இல்லாத ஒரு பேரைக் கர்னல் தேடி, காணோம்னு எழுதி வைக்குது. பேட்டரி அளவு சரியாக் காட்டுது, மூடினா தூங்கி எழுந்திருக்குதுன்னா, அந்த வரிகளோட சண்டை போட வேண்டியதில்லை. பழைய லேப்டாப் வெச்சிருக்கற ஆயிரம் பேருக்கு இதே வரி வருது.

அடுத்த வரிதான் உண்மையான தடயம். சஸ்பெண்ட், ரெஸ்யூம் சாதனத்துக்காகக் காத்திருந்து விட்டுட்டேன்னு ஒரு வரி. அதுக்கு முன்னாடி அரை நிமிஷம் திரை அப்படியே நின்னிருக்கு. அதுக்குப் பிறகுதான் சிவப்பு நட்சத்திரமும் ஒன்றரை நிமிஷமும். முடிவுல ‘டிபெண்டன்சி ஃபெயில்டு ஃபார் ஸ்வாப்’.

ரெண்டு வரியும் கூப்பிட்டது ஒரே ஆளை. ஸ்வாப்.

மெமரி நிறைஞ்சா தற்காலிகமா இறக்கி வைக்கற இடம் ஸ்வாப். டிஸ்க்ல தனியா ஒரு பகுதி. லினக்ஸ் ஒவ்வொரு பகுதியையும் யூயூஐடின்னு ஒரு நீள எண்ணை வெச்சு அடையாளம் பார்க்கும், நம்ம அடையாளக் கார்டு எண் மாதிரி. போன வருஷம் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ஆசைப்பட்டு அதே மிஷின்ல பக்கத்துலயே இன்னொரு லினக்ஸ் போட்டுப் பார்த்திருக்கான். அதோட இன்ஸ்டாலர் இருந்த ஸ்வாப் பகுதியை ஃபார்மேட் பண்ணிடுச்சு. இடம் அதேதான், எண் மட்டும் புதுசு. பழைய டெபியனுக்கு அது தெரியாது. தினமும் காலையில பழைய எண்ணைச் சொல்லிக் கூப்பிடுது. அந்த எண்ணுல இப்போ யாருமே இல்லை.

கிராணி ஐயா கொஞ்ச நேரம் பேசலை. பிறகு சொன்னாரு: ஆளுங்க தோட்டத்தை விட்டுப் போன பிறகும், புதுச் செக்ரோல் வர்ற வரைக்கும் பேர் இருக்கும். பேரை வாசிச்சிட்டு ஒரு நொடி நிப்போம். யாரும் பதில் சொல்ல மாட்டாங்க.

திருத்தறது சின்ன வேலை. ‘பிளாக்ஐடி’னு ஒரு கட்டளை, எல்லாப் பகுதியோட இப்போதைய எண்ணையும் காட்டும். ஈடிசி ஃபோல்டருக்குள்ள எஃப்எஸ்டேப்னு ஒரு கோப்பு, அதுதான் டிஸ்க்குகளோட செக்ரோல். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. மத்த எண்ணெல்லாம் சரி, ஸ்வாப் வரியில மட்டும் வேற. முதல்ல அந்தக் கோப்புக்கு ஒரு நகல் (இதை மறந்துடாதீங்க, ஒரு எழுத்து தப்பானாலும் மிஷின் எமர்ஜென்சி மோடுக்குப் போய் நின்னுடலாம்). பிறகு புது எண்ணை எழுதி, ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையில வெரிஃபை சேர்த்து அடிச்சுச் சரிபார்த்தாங்க.

அதோட முடியலை. அந்த அரை நிமிஷத் தாமதம் சிஸ்டம்டி வர்றதுக்கு முன்னாடி, மூட்டைக்குள்ள நடந்தது. டெபியன்ல அந்த நேரம் கர்னல் கணக்குலதான் சேரும். கர்னலுக்கு 40 வினாடி ஆனதுக்குக் காரணம் இதுதான். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஃபோல்டருக்குள்ள ரெஸ்யூம்னு ஒரு சின்னக் கோப்பு. அதுலயும் பழைய எண். மாத்தினாங்க. மூட்டையைத் திரும்பக் கட்டறதுக்கு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கூட யூ சேர்த்து ஒரு தடவை. இந்த ரெண்டாவது இடத்தை மறந்துட்டு, எஃப்எஸ்டேப் திருத்தியும் சரியாகலையேன்னு தவிக்கறவங்க நிறைய.

புத்தகத்துல புது வரிகள். மூட்டையைத் திருத்தினதுக்கு ஒண்ணு, கர்னல் 9 வினாடி. எஃப்எஸ்டேப் திருத்தினதுக்கு ஒண்ணு, மிச்சம் 1 நிமிஷம் 30 வினாடி. நாலு நிமிஷத்துக்குக் கிட்ட இருந்தது ஒரு நிமிஷம் 39 வினாடிக்கு வந்துடுச்சு. காசு ஒண்ணும் செலவாகலை. அவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

கடிகாரம் அடுத்த பஞ்சாயத்து. சார்ஜர் இல்லாம ரெண்டு நாள் வெச்சா, மிஷின் பல வருஷம் பின்னாடி போயிடும். அதனால பிரவுசர் எந்தப் பக்கத்தையும் திறக்காம, பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லைன்னு சொல்லும். சான்றிதழ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மிஷினுக்குத்தான் இன்னிக்கு என்ன தேதின்னு தெரியலை. டிஸ்க்கைச் சோதிக்கற எஃப்எஸ்சிகே, கடைசியாத் திறந்த நேரம் வருங்காலத்துல இருக்கேன்னு புகார் சொன்னதும் இதனாலதான். உள்ள ஒரு நாணய பேட்டரி, சிஆர்2032, மூணு வோல்ட். அது செத்துப் போயிருந்துச்சு. லேப்டாப்புல அதை வயரோட, சின்ன பிளக்கோட மாட்டியிருப்பாங்க, அதே மாதிரிதான் வாங்கணும். சனிக்கிழமை ஈப்போ யிக் பூங் காம்ப்ளெக்ஸுக்குப் போனாங்க. கைப்பேசி, கணினிச் சாமான்னா ஈப்போக்காரங்க கால் தானா அங்கதான் போகும். பேட்டரி கிடைச்சுது, சில வெள்ளிதான். அடிமூடியைத் திறந்து மாட்டறதுக்கு இருபது நிமிஷம்.

கடைசியா டிஸ்க்.

பிளேம் பட்டியல்ல தலையில நின்ன இன்னொரு பேரு, டிஸ்க்கோட முதல் பகுதி. அது வந்து சேரவே அரை நிமிஷத்துக்கு மேல ஆச்சு. நிமிஷத்துக்கு 5400 தடவை சுழலுற டிஸ்க் மெதுவானதுதான், ஆனா இவ்வளவு இல்லை. காதை வெச்சுக் கேட்டா நடுநடுவுல ‘டிக், டிக்’. ‘டிமெசேஜ்’ல பார்த்தா படிக்க முடியலைன்னு சிவப்பு வரிகள், ஐஓ எரர், செக்டர் எண்ணோட. ‘ஸ்மார்ட்சிடிஎல்’ போட்டாங்க. டிஸ்க் தன்னைத் தானே சோதிச்சு எழுதி வைக்கற குறிப்பு அது. கரண்ட் பெண்டிங் செக்டர்ங்கற வரியில சைபர் இருக்கணும். 24 இருந்துச்சு. அத்தனை இடத்தைப் படிக்க முடியாம டிஸ்க் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கு.

இந்த இடத்துல பேத்தியோட குரல் மாறிடுச்சு. “தாத்தா, வேற எதுவும் செய்ய வேண்டாம். முதல்ல நகல்.”

ராத்திரி முழுக்க வெளி டிஸ்க்குக்கு நகல் ஓடுச்சு. கடிதங்கள் வந்துச்சு. கோவில் கணக்கு வந்துச்சு. அப்பாவோட பங்குப் புத்தகம் முழுசா வந்துச்சு. செக்ரோல் படங்கள்ல பதினொண்ணு வரலை. ஒரே மாசத்துப் பக்கங்கள். திரும்பத் திரும்ப முயற்சி பண்ணியும் பாதிப் படம், சாம்பல் பட்டை. அந்தப் புத்தகத்தோட காகிதம் இப்போ இல்லை. அந்த மாசம் பெரட்டுல நின்னவங்க பேரு வேற எங்கேயும் எழுதி இல்லை.

நாம முதல் நாள் ஸ்வாப் எண்ணைத் தேடினதுக்குப் பதிலா இதைப் பார்த்திருந்தா ஒருவேளை கிடைச்சிருக்குமான்னு அவர் கேட்டாரு. பேத்தியால பதில் சொல்ல முடியலை. வரிசை அதுதான்னு இப்போ தெரியுது: மெதுவாப் போற எந்த மிஷினையும் தொடறதுக்கு முன்னாடி ஸ்மார்ட் குறிப்பைப் பார்க்கணும், அதுக்கும் முன்னாடி நகல் எடுக்கணும். கிராணி ஐயா புத்தகத்தோட முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், மேல இருந்த காலி இடத்துல சிவப்புப் பேனாவால அதை எழுதினாரு.

240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினாங்க. நூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சுது. சுழலற பாகமே இல்லாத டிஸ்க், பழைய டிஸ்க்கோட அதே அளவுப் பெட்டி, ரெண்டு திருகு. பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்காம டெபியனைப் புதுசாப் போட்டாங்க. உடம்பு சரியில்லாத டிஸ்க்கோட கோளாறை ஏன் புது வீட்டுக்குக் கொண்டு போகணும்? (32-பிட் மிஷின் வெச்சிருக்கறவங்க கவனிங்க: 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல அதுக்கு இன்ஸ்டாலர் இல்லை. ‘எல்எஸ்சிபியூ’ போட்டுப் பார்த்துக்குங்க. 2012 மிஷினுக்குப் பிரச்சனை இல்லை, அது 64-பிட்.)

புது சிஸ்டத்துல ஒரு பழைய பயம் வந்துச்சு. 2003 வாக்குல அடிச்ச தமிழ்க் கடிதங்களைத் திறந்தா ஒரே குப்பை எழுத்து. கோப்பு கெட்டுப் போச்சுன்னு நினைச்சு அவர் எழுந்து போயிட்டாரு. கெடலை. அந்தக் காலத்துல நம்ம நாட்டுல நிறையப் பேர் தமிழ் அடிச்சது முத்து நெடுமாறன் செஞ்ச முரசு அஞ்சல்ல. 2001-ல கோலாலம்பூர்லயே தமிழ் இணைய மாநாடு நடந்துச்சே, அந்தக் காலம். யூனிகோடு பரவலாகறதுக்கு முன்னாடி எழுத்துகளை வெச்சது டிஸ்கி குறியீட்டுல. இன்றைய மிஷின் அதை ஆங்கிலக் குறியீடுன்னு நினைச்சு வாசிக்குது. டிஸ்கியை யூனிகோடா மாத்தற மாற்றியில போட்டதும் ஒவ்வொரு கடிதமும் தமிழா நின்னுச்சு. அதுல ஒண்ணு, லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்ன நோட்டீசுக்கு ஆளுங்க சார்பா அவர் எழுதின பதில். பேத்தி அதை முதல் தடவையா அன்னிக்குத்தான் படிச்சுச்சு. புதுசா அடிக்கறதுக்கு இப்போ ஐபஸ்ங்கற உள்ளீட்டு நிரல்ல தமிழ்99 விசைப்பலகை போட்டுக் கொடுத்திருக்கு.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் முடிஞ்சிடுச்சு. விண்டோஸ் 11 கேட்கற டிபிஎம் 2.0 சில்லு பழைய லேப்டாப் பலதுல இல்லை. அதனால நம்ம தாமான் குப்பைத்தொட்டி ஓரத்துல நல்ல மிஷின்கள் வந்து விழும். வாங்க வசதி இல்லாத பிள்ளைங்க அதே தாமான்ல இருக்காங்க. லினக்ஸைத் தமிழ்ல சொல்லிக் கொடுக்க ஆளில்லைன்னும் சொல்ல முடியாது. 2012-லேர்ந்து கணியம் இதழ் அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கு.

நீட்டுப் புத்தகத்தோட கடைசி வரி: கர்னல் 4, மிச்சம் 17. மொத்தம் 21 வினாடி. காப்பி ஆத்தறதுக்குள்ள கடிதம் அடிக்க ஆரம்பிச்சிடறாரு.

சுங்கை சிப்புட், சிம்மோர், ஈப்போ, பத்து காஜா பக்கம் இதைப் படிக்கறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்க வீட்டுப் பழைய லேப்டாப்புல தாத்தா பாட்டி படம், தோட்டத்துப் பத்திரம், கோவில் கணக்கு எது இருந்தாலும் இன்னிக்கு ராத்திரியே ஒரு வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துடுங்க. மிஷின் ஏன் மெதுவாப் போகுதுன்னு நாளைக்குப் பார்க்கலாம்.